சபையும் பாவமும்: உத்திரமேரூர்க் கல்வெட்டின் தகுதிநீக்க விதிகளும் தமிழ்க் கிறித்தவ மரபில் அன்றாடப் பாவத்தை வெல்லும் நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் தேர்தல் வரலாற்றுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றில் இடம்பெறும் தகுதிநீக்க விதிகள், பாவம், பிராயச்சித்தம், கணக்கு ஆகியவை குறித்த ஒரு சமூகத்தின் புரிதலையும் பதிவு செய்துள்ளன. அவ்விதிகளை ஒப்பீட்டுக் களமாகக் கொண்டு, அன்றாடப் பாவத்தை மேற்கொள்வது பற்றித் தமிழ்க் கிறித்தவ மரபு வகுத்த நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது. மன்னிப்பு, பொறுப்பு ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே அந்நெறியைச் சரியாக விளங்கிக்கொள்வதற்கு அடிப்படை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், குடவோலை, பிராயச்சித்தம், அன்றாடப் பாவம், ஆத்தும சோதனை, பாவசங்கீர்த்தனம், இரட்சணிய யாத்திரிகம்.

1. முன்னுரை

‘சபை’ என்னும் சொல் தமிழில் இரு வேறு வரலாறுகளைத் தாங்கி நிற்கிறது. சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களின் ஆட்சி அமைப்பு சபை எனப்பட்டது. கிறித்தவர் தம் இறைமக்கள் கூட்டத்தையும் சபை என்றும் திருச்சபை என்றும் வழங்குகின்றனர். முதலாவது சபையின் அமைப்பை மிக விரிவாகக் காட்டும் சான்று உத்திரமேரூரில் கிடைக்கிறது. இன்று அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் இரண்டாவது பொருளுடைய சபைகளும் கூடுகின்றன.

இவ்விரு சபைகளும் எதிர்கொண்ட வினா ஒன்றே: தவறு செய்தவனை என்ன செய்வது? முன்னது நிருவாக நோக்கில் விடை கூறிற்று. பின்னது மீட்பு நோக்கில் விடை தேடுகிறது. நோக்கம் வேறாதலால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது எனத் தீர்ப்பது ஆய்வு நேர்மை ஆகாது. எனினும் ஒன்றன் ஒளியில் மற்றொன்றின் தனித்தன்மை துலங்கும் என்பதால் இவ்வொப்பீடு மேற்கொள்ளப்படுகிறது.

2. கல்வெட்டில் பாவமும் தகுதிநீக்கமும்

உத்திரமேரு சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட இவ்வூரின் சபை மண்டபச் சுவரில் (இன்றைய வைகுண்டப்பெருமாள் கோயில்) முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் காலம் முறையே கி.பி. 919, 921 எனக் கொள்ளப்படுகிறது. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு உறுப்பினர் தெரிவு செய்யப்பட்டனர். இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வரையிலான வயது, வேதக் கல்வி ஆகியவை இரண்டாம் கல்வெட்டு கூறும் தகுதிகளுள் அடங்கும்.

தகுதிகளினும் தகுதிநீக்கங்களே இங்கு நோக்கத்தக்கவை. அவற்றை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, கணக்கு தொடர்பானது. வாரியப் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டனர். அவர்தம் நெருங்கிய உறவினரும் உடன் விலக்கப்பட்டனர்.

இரண்டாவது, பெரும்பாவம் தொடர்பானது. ஐந்து மாபாதகங்களுள் முதல் நான்கைச் செய்தவர், முறையற்ற உறவு கொண்டவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோர் இதில் அடங்குவர். பாதகம் செய்தவரின் உறவினரும் விலக்குக்கு உட்பட்டனர்.

மூன்றாவது, கழுவாய் தொடர்பானது. தாழ்ந்தோர் எனக் கருதப்பட்டவருடன் சேர்ந்ததால் விலக்கப்பட்டவர் பிராயச்சித்தம் செய்யும்வரை மட்டுமே தகுதி இழந்தனர். ஆனால் விலக்கப்பட்ட உணவை உண்டமைக்கும் முறையற்ற உறவுக்கும் பிராயச்சித்தம் செய்து தூய்மை பெற்றவரின் பெயரோ அவர்தம் வாழ்நாள் முடியும்வரை குடவோலையில் இடம்பெறுதல் கூடாது.

மூன்றாவது வகையே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. சடங்கு முறைப்படி தூய்மை பெற்ற பின்னரும் ஒருவர் பதவிக்குத் தகுதியற்றவராகவே நீடிக்கிறார். பிராயச்சித்தம் பாவத்தை நீக்குகிறது. பாவத்தின் நினைவை ஊர் நீக்குவதில்லை. பொதுப்பணத்தையும் ஏரியையும் காக்கவேண்டிய ஓர் அமைப்பின் எச்சரிக்கையாக இதனைக் கொள்வது பொருந்தும்.

3. பெரும்பாவமும் அன்றாடப் பாவமும்

கல்வெட்டு சுட்டும் குற்றங்களுள் பெரும்பாலானவை வெளிப்படையானவை. சான்று கொண்டு நிறுவத்தக்கவை. மனத்தில் மூளும் பொறாமை, வீட்டினுள் சொல்லும் சுடுசொல், அண்டைவீட்டார் குறித்த புறங்கூற்று, வேலையாளின் கூலியைக் காரணமின்றி மறுநாளைக்குத் தள்ளுதல் போன்றவை அதன் வரம்பினுள் வாரா. எந்தச் சபையும் இவற்றை ஓலையில் எழுதித் தடுக்க இயலாது.

தமிழ் அற மரபு இவ்வெளியை அறியாதது அன்று. திருக்குறளின் 17 முதல் 20 வரையிலான அதிகாரங்கள் அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை என வரிசைப்பட்டு, 21ஆம் அதிகாரமான தீவினையச்சத்தில் சென்று சேர்கின்றன. உள்ளத்தில் தோன்றும் சிறு கோட்டம் சொல்லாகிச் செயலாகும் வழியை இவ்வைப்புமுறையில் காணலாம். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் தமிழில் கிறித்தவ ஒழுக்க நூல்களையும் யாத்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கிறித்தவ இறையியல் இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்துகிறது. கத்தோலிக்கத் தமிழில் இவை ‘சாவான பாவம்’, ‘அற்பப் பாவம்’ என வழங்குகின்றன. யோவானின் முதல் திருமுகம் 5ஆம் அதிகாரத்தில் மரணத்துக்கு ஏதுவான பாவத்தையும் அவ்வாறு அல்லாததையும் பிரித்துரைப்பது இதற்கு அடிப்படை. ‘அற்பம்’ என்னும் அடை தவறான ஆறுதலைத் தரக்கூடும் என்பதைத் தொடக்ககாலத் திருச்சபைத் தந்தையர் உணர்ந்திருந்தனர். சிறு துளிகள் ஆற்றை நிரப்புவதுபோலச் சிறு பாவங்கள் சேர்ந்து பெரும் சுமையாகும் என்னும் கருத்தை அகுஸ்தீன் தம் மறையுரைகளில் வலியுறுத்தினார்.

இக்கருத்தை உத்திரமேரூர்ச் சூழலில் விளக்க ஏரியே தக்க உவமை. இவ்வூரின் வைரமேக தடாகத்தைத் தூர் வாருவதற்கான அறக்கொடைகளைப் பல்லவர் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன; சோழர் காலத்தில் ஏரி வாரியம் தனியே இயங்கிற்று. கரை உடைவது அனைவரும் காணும் பேரிடர். வண்டல் படிவதோ ஆண்டுதோறும் ஓசையின்றி நிகழ்வது. கரை உடையாமலேயே ஏரி தன் கொள்ளளவை இழந்துவிடும். பெரும்பாவம் கரை உடைப்பை ஒத்தது; அன்றாடப் பாவம் வண்டலை ஒத்தது. ஒரு முறை தூர் வாரியதோடு பணி முடிவதில்லை. அன்றாடப் பாவத்தை மேற்கொள்ளும் முயற்சியும் அத்தகையதே.

4. ஆத்தும சோதனை: தமிழில் அச்சேறிய கையேடு

அன்றாடப் பாவத்தை அறியும் முறையைத் தமிழ்க் கிறித்தவம் மிகத் தொடக்கத்திலேயே நூலாக்கியது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி என்றீக்கே என்றீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்து ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579இலும், ‘கொம்பெசியோனாயரு’ 1580இலும் கொச்சியில் வெளிவந்தன. மூன்றாவது நூல் பாவ அறிக்கைக்கு ஆயத்தம் செய்வதற்கான கையேடு. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் ஒன்று, ஒருவர் தம் குற்றங்களைத் தாமே ஆராய்வதற்கு எழுதப்பட்டது என்பது அச்சு வரலாற்றிலும் ஒழுக்கவியல் வரலாற்றிலும் சிறப்புடைய செய்தி.

அக்காலத்துப் பாவ அறிக்கைக் கையேடுகள் பொதுவாகப் பத்துக் கட்டளைகளின் வரிசையில் வினாக்களை அமைப்பவை. இவற்றின் பின்புலத்தில் இயேசு சபையின் நிறுவுநர் இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகள் உள்ளன. 1548இல் அச்சான அந்நூல், குறிப்பிட்ட ஒரு குற்றத்தைத் தெரிந்துகொண்டு, காலையில் அதனைத் தவிர்க்க உறுதிபூண்டு, நண்பகலிலும் இரவிலும் எத்தனை முறை அதில் விழுந்தோம் என எண்ணிக் கோட்டின்மேல் புள்ளியிட்டுக் குறிக்கப் பணிக்கிறது. நாளுடன் நாளையும் வாரத்துடன் வாரத்தையும் ஒப்பிடுவது அடுத்த படி.

இது முற்றிலும் கணக்கு முறை. உத்திரமேரூர்ச் சபை வாரியத்தாரிடம் வேண்டிய கணக்கை இங்கு ஒருவர் தமக்குத் தாமே எழுதுகிறார். எல்லாக் குற்றங்களையும் ஒருசேர எதிர்க்காமல் ஒன்றனை மட்டும் தெரிந்துகொள்ளுதல், அது நிகழும் வேளையையும் சூழலையும் கவனித்தல், தோல்வியை மறைக்காமல் குறித்தல் ஆகிய மூன்றும் இம்முறையின் நடைமுறைப் பயன்கள். சினம் எந்த வேளையில் மூள்கிறது, எவர் முன்னிலையில் நா தவறுகிறது என்பதை அறிந்தவர் அவ்வேளைக்கு முன்னரே விழிப்புடன் இருக்க இயலும்.

அறிக்கை செய்தலைக் குறிக்கும் ‘பாவசங்கீர்த்தனம்’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. சங்கீர்த்தனம் என்பது வாய்விட்டு எடுத்துரைத்தலைக் குறிப்பது. இறைபுகழ் பாடுதலுக்கும் அதுவே சொல். மனத்துள் புதைந்ததைச் சொல்லாக்கி வெளிக்கொணர்வதே விடுதலையின் தொடக்கம் என்னும் கருத்து இச்சொல்லாட்சியில் அமைந்துள்ளது. யாக்கோபின் திருமுகம் 5ஆம் அதிகாரமும் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட அழைக்கிறது.

5. கணக்கின் எல்லை

கணக்கு முறைக்கு ஓர் எல்லை உண்டு. புள்ளிகள் குறையும்போது செருக்கும், கூடும்போது சோர்வும் எழலாம். இரண்டும் புதிய பாவங்களுக்கு வாயிலாகும். பவுல் ரோமர் 7ஆம் அதிகாரத்தில் இவ்விக்கட்டைக் கூர்மையாக வெளியிடுகிறார். நன்மையை விரும்பியும் அதனைச் செய்ய இயலாமையும், வெறுத்ததையே செய்துவிடும் அவலமும் அங்கு மன்றாட்டாக வெடிக்கின்றன. 8ஆம் அதிகாரம் விடையாக மேலும் கடினமான விதி எதனையும் தரவில்லை. கிறித்துவுக்குள் இருப்பவருக்குத் தண்டனைத் தீர்ப்பு இல்லை என்னும் அறிவிப்பையும், உள்ளிருந்து செயற்படும் ஆவியானவரின் ஆற்றலையுமே அது முன்வைக்கிறது.

மார்ட்டின் லுத்தர் 1517இல் வெளியிட்ட 95 கருத்துரைகளுள் முதலாவது, நம்பிக்கையாளரின் வாழ்வு முழுமையும் மனந்திரும்புதலாக இருத்தல் வேண்டும் என்னும் பொருளது. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு வழியாக இம்மரபு தமிழகத்தில் வேர்கொண்டது. ‘மனந்திரும்புதல்’ என்னும் தமிழ்ச்சொல் இங்கு நோக்கத்தக்கது. பிராயச்சித்தம் செய்து முடிக்கப்படும் ஒரு வினை. மனந்திரும்புதலோ முகம் எத்திசை நோக்கியது என்பதைக் குறிப்பது. வழி நெடுகிலும் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொள்ள வேண்டியது அது.

இயேசு கற்பித்த மன்றாட்டின் அமைப்பும் இக்கருத்துக்குத் துணைநிற்கிறது. அன்றாட உணவுக்கான வேண்டுதலை அடுத்து மன்னிப்புக்கான வேண்டுதல் வருகிறது. உணவு நாள்தோறும் தேவைப்படுவதுபோல மன்னிப்பும் நாள்தோறும் தேவை. மத்தேயு நற்செய்தி பாவத்தைக் ‘கடன்’ என்னும் சொல்லால் சுட்டுகிறது. லூக்கா ‘பாவம்’ என்றே கூறுகிறது. கடன் என்பது கணக்குலகின் சொல். ஆனால் இம்மன்றாட்டில் கடன் தள்ளுபடி செய்யப்படுகிறது. தள்ளுபடி பெற்றவர் தம் கடனாளிகளுக்கும் அவ்வாறே செய்யவேண்டியவர் ஆகிறார். அன்றாடச் சிறு பாவங்களுக்கு இம்மன்றாட்டே அன்றாட மருந்து என்று அகுஸ்தீன் கொண்டார்.

யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சீடரின் பாதங்களைக் கழுவும் நிகழ்ச்சி இதனை மேலும் தெளிவாக்குகிறது. குளித்தவர் மீண்டும் முழுவதும் குளிக்கத் தேவையில்லை; பாதங்களைக் கழுவினால் போதும் என்பது அங்குக் கிடைக்கும் விளக்கம். வயலிலிருந்து திரும்புபவர் வாசலில் கால் கழுவி உள்ளே செல்வது தமிழகச் சிற்றூர்களின் வழக்கமாதலால் இவ்வடையாளம் இம்மண்ணில் எளிதில் விளங்குவது. காலில் சேறு படிந்தமையால் அவர் அவ்வீட்டுக்கு அந்நியராவதில்லை. அவ்வாறே சேற்றுடன் உள்ளே நுழைவதும் இல்லை. நிலையான உறவும் அன்றாடத் தூய்மையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

6. சுமை இறங்கிய பின்னர்: இரட்சணிய யாத்திரிகம்

இவ்விறையியலுக்குத் தமிழில் காப்பிய வடிவம் தந்தவர் எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900). ஜான் பனியனின் 1678ஆம் ஆண்டு உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களைக் கொண்டது இந்நூல்.

கதையமைப்பில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. பயணியின் முதுகிலிருந்த பாவச்சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. அத்துடன் கதை முடிவதில்லை. வழியின் பெரும்பகுதி அதன் பின்னரே தொடங்குகிறது. தாழ்மைப் பள்ளத்தாக்கு, மாயச்சந்தை, ஐயத்தின் கோட்டை, உறக்கம் வருவிக்கும் நிலம் ஆகியவை பனியனின் பயணி சுமை நீங்கிய பின் எதிர்கொள்பவை. மன்னிப்புப் பெறுதல் பயணத்தின் முடிவாகாமல் நடப்பதற்கான விடுதலையாக அமைகிறது.

மேலும், இவ்விடர்களுள் பல அன்றாடத் தன்மையுடையவை. சோர்வு, விலைபேசும் ஆசை, குறுக்குவழி, வழிநடையில் கண்ணயர்தல் ஆகியவை மாபாதகங்கள் அல்ல. ஆயினும் பயணத்தை நிறுத்திவிடப் போதுமானவை. வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என 54ஆம் அதிகாரத்தில் உரைத்த விழிப்புணர்வை இதனுடன் இணைத்து எண்ணலாம். பயணிக்கு வழித்துணைவர் அமைவதும் குறிப்பிடத்தக்கது. தனித்து நின்று பாவத்தை வெல்லுதல் என்னும் கருத்துக்கு இம்மரபில் இடமில்லை.

7. மன்னிப்பும் பொறுப்பும்

கல்வெட்டின் வாழ்நாள் விலக்கையும் கிறித்தவ மன்னிப்பையும் எதிரெதிராக நிறுத்தி, முன்னது கடுமை, பின்னது கருணை என முடிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. கிறித்தவ மறைநூலும் பதவிக்குத் தகுதி வகுக்கிறது. 1 திமொத்தேயு 3ஆம் அதிகாரம் கண்காணியாக விளங்குபவர் மதுப்பிரியராகவும் பண ஆசை உடையவராகவும் இருத்தல் கூடாது என்றும், தம் இல்லத்தை நன்கு நடத்துபவராக இருத்தல் வேண்டும் என்றும் வரையறுக்கிறது. வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’ மறைபரப்பும் வேதியரின் நடத்தைக்கென்றே எழுதப்பட்டது.

எனவே இரு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். ‘இவர் இறைவனாலும் சமூகத்தாலும் ஏற்கப்படுகிறாரா?’ என்பது ஒன்று. ‘இவரிடம் பொதுப்பொறுப்பை ஒப்படைக்கலாமா?’ என்பது மற்றொன்று. மன்னிப்பு முதல் வினாவுக்கு விடை. இரண்டாவதற்கு நம்பகத்தன்மை மீண்டும் நிறுவப்படுதல் வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது இருவகைத் தீங்கு விளைகிறது. மன்னிப்பின் பெயரால் கணக்குக் கேட்கப்படாமல் போகலாம். பொறுப்பின் பெயரால் மனந்திரும்பியவர் என்றென்றும் ஒதுக்கப்படலாம்.

நற்செய்திகள் இரண்டுக்கும் எடுத்துக்காட்டுத் தருகின்றன. லூக்கா 19ஆம் அதிகாரத்துச் சக்கேயு மன்னிப்பு உணர்ச்சியோடு நின்றுவிடாமல், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வருகிறார். யோவான் 21ஆம் அதிகாரத்தில், மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் மூன்று முறை அன்பு குறித்து வினவப்பட்ட பின்னரே மந்தையை மேய்க்கும் பொறுப்பு அளிக்கப்படுகிறது. மறுதலிப்பு மறக்கப்படவும் இல்லை. வாழ்நாள் விலக்காக ஆக்கப்படவும் இல்லை. உறவினரையும் விலக்கும் விதியைப் பொறுத்தவரை, தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்னும் எசேக்கியேல் 18ஆம் அதிகாரக் கொள்கை கல்வெட்டிலிருந்து தெளிவாக வேறுபடுகிறது.

8. தனியாள் பாவமும் சபையின் பாவமும்

அன்றாடப் பாவம் என்பது தனியாள் மனத்தோடு அடங்குவது அன்று. வழக்கமாகிவிட்டதால் பாவம் எனவே தோன்றாத சமூகச் செயல்களும் அதனுள் அடங்கும். உத்திரமேரூர்ச் சபையில் இடம்பெறச் சொந்த மனையும் இறை நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். தாழ்ந்தோர் எனப்பட்டவருடன் சேர்தல் கழுவாய்க்குரிய குற்றம். பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1891இல், உத்திரமேரூரை உள்ளடக்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர் அளித்த அறிக்கை, ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்றிக் கடனடிமைகளாக வாழ்ந்ததை எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அக்காலத்தில் இம்மாவட்டத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷன் ஊழியர் ஆதம் ஆண்ட்ரூ இம்மக்களின் நில உரிமைக்காக முயன்றவர்.

எனினும் கிறித்தவ சபைகளும் சாதி வேற்றுமையிலிருந்து விடுபட்டிருக்கவில்லை. சபைகளில் சாதிப் பிரிவினை கைவிடப்பட வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றுமடல் விடுக்க வேண்டியிருந்ததே இதற்குச் சான்று. இரவுதோறும் தம் சினத்தையும் பொய்யையும் ஆராயும் ஒருவர், இருக்கை, கல்லறை, திருமண உறவு ஆகியவற்றில் தாம் கடைப்பிடிக்கும் வேற்றுமையை ஆராயாது விடின் ஆத்தும சோதனை பாதியில் நின்றுவிடும். யாக்கோபு 5ஆம் அதிகாரம் பிடித்தம் செய்யப்பட்ட அறுவடைக் கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடுவதாகக் கூறுவது, நெல் விளையும் இப்பகுதியின் வாசகருக்குத் தனி விளக்கம் வேண்டாதது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு:

உத்திரமேரூர்க் கல்வெட்டு, வெளிப்படையான பாவத்தைப் பொதுப்பணிக்குத் தடையாகக் கொண்டு, சில குற்றங்களில் கழுவாய்க்குப் பின்னும் விலக்கை நீட்டித்தது. அதன் அக்கறை பாவியின் மீட்பு அன்று, பொதுச்சொத்தின் பாதுகாப்பு.

தமிழ்க் கிறித்தவ மரபு, விதியால் எட்ட இயலாத அன்றாடப் பாவத்தைத் தன் களமாகக் கொண்டது. ஆத்தும சோதனை, அறிக்கை, நாள்தோறும் மன்னிப்பு வேண்டல், வழித்துணை ஆகியவற்றை அதற்குக் கருவிகளாக்கியது.

கணக்கு பாவத்தைக் காட்டுவது. அதனை நீக்குவது அன்று. நீக்கம் அருளால் நிகழ்கிறது என்பதே இம்மரபின் துணிபு. அருள் பெற்றவர் கணக்கிலிருந்து விலக்குப் பெறுவதில்லை. அச்சமின்றிக் கணக்குக் காட்டும் துணிவைப் பெறுகிறார்.

மன்னிப்பையும் பொறுப்பையும் பிரித்தறியும் நுண்மையில் பழைய சபையிடமிருந்து இன்றைய சபை கற்றுக்கொள்ள இடமுண்டு. கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடாத எச்சரிக்கை, நிறுவனங்களை நடத்தும் எந்தச் சபைக்கும் தேவையானது. அதே வேளையில், விழுந்தவர் எழுவதற்கான வழியைத் திறந்து வைத்தல் கிறித்தவ சபை தன் மூலநூலால் ஏற்ற கடமை. இவ்விரண்டையும் ஒருசேரக் காக்கும் இடத்திலேயே பாவத்தை ஒளிக்க வேண்டிய தேவை குறைகிறது. ஒளிக்கப்படாத பாவமே மேற்கொள்ளத்தக்கது.